சதுரங்கம் ஆடும் கணினிக்கு அறிவு உண்டா? சுங்கை சிப்புட் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். பன்னிரண்டு பலகைகள், இரண்டு மின்விசிறிகள் (ஒன்று சுற்றாது), என் பழைய மடிக்கணினி ஒன்று. ஆட்டத்தைப் பற்றிக் கேட்பதைவிட அந்த மடிக்கணினியைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றிப்போக வரும்போது வாசலில் நின்று கேட்பார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிள் கிளம்பிவிடும். அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் பட்டம் வாங்கிய ஆட்டக்காரன் இல்லை. பேராக் மாநிலப் போட்டிகளில் போய்த் தோற்றுவிட்டு வருகிறவன்.

"நேரா சொல்லுங்க ஐயா. கம்ப்யூட்டருக்கு அறிவு இருக்கா, இல்லையா?"

திறமை இருக்கிறது, மலை போல. அறிவு இல்லை என்பது என் கட்சி. ஆனால் அறிவு என்று எதைச் சொல்கிறோம் என்று கேட்டால் வம்பு தொடங்கும். கீழே உள்ள பாதிக் கேள்விகள் அந்த வம்புதான்.

"பின்னே அது எப்படித்தான் நகர்த்தலைக் கண்டுபிடிக்குது?"

அதற்கு இரண்டே வேலை. ஒன்று, தேடுவது. நான் இதை நகர்த்தினால் அவன் எதை நகர்த்துவான், அதற்கு நான் எதை என்று கிளை கிளையாகப் போவது. இன்னொன்று, மதிப்பிடுவது. அந்தக் கிளையின் நுனியில் நின்று பலகையைப் பார்த்து ஓர் எண் போடுவது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. அப்புறம் ராஜாவுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா, சிப்பாய்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று கொஞ்சம் கூட்டல் கழித்தல்.

இந்தத் திட்டத்தை அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார். எழுதும்போதே அதில் உள்ள தொல்லையையும் சொன்னார். ஒவ்வொரு நிலையிலும் சுமார் 30 நகர்த்தல்கள் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இருவரும் ஆளுக்கொன்று நகர்த்த ஏறத்தாழ ஆயிரம் வழிகள். மூன்று சுற்றுக்கு நூறு கோடி. 40 சுற்று ஆட்டம் முழுவதற்கும் 1-க்குப் பின்னால் 120 சுழியங்கள். எந்தக் கணினியாலும் அதை எண்ணித் தீர்க்க முடியாது.

ஆகவே கிளைகளைக் கழிக்க வேண்டும். பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறீர்கள். எஞ்சின் செத்துவிட்டது என்று தெரிந்த பிறகு டயரைக் குனிந்து பார்ப்பீர்களா? அடுத்த காருக்குப் போய்விடுவீர்கள். கணினியும் அப்படித்தான். ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் நல்ல பதிலடி ஒன்று இருப்பது தெரிந்ததும், இன்னும் என்னென்ன பதிலடி இருக்கிறது என்று பார்க்காமல் அந்தக் கிளையையே விட்டுவிடும்.

வகுப்பில் ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவசச் சதுரங்க நிரலை (இப்படிப்பட்ட நிரலை எஞ்சின் என்பார்கள்) ஓடவிட்டால், திரையின் ஓரத்தில் +0.7 என்று வந்து நிற்கும். "வெள்ளை நல்லா இருக்கு" என்பார்கள் பிள்ளைகள். "ஏன் நல்லா இருக்கு?" என்று கேட்டால் அவர்களும் திரையைப் பார்ப்பார்கள். திரை மறுபடியும் +0.7 என்றே சொல்லும்.

"உலகச் சாம்பியனையே தோற்கடிச்சாச்சு. அதுக்கு மேல என்ன வேணும்?"

நியாயமான கேள்வி. அப்போதைய உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவும் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியும் முதலில் மோதியது 1996 பிப்ரவரியில், ஃபிலடெல்ஃபியாவில். முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் தோற்றார், ஆனால் தொடரை 4–2 என்று வென்றார். மறு ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் டீப் புளூ 3.5–2.5 என்று வென்றது. கடைசி ஆட்டம் 19 நகர்த்தல்களிலேயே முடிந்துவிட்டது. டீப் புளூ நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. அதற்காகவே செய்த 480 சில்லுகள் அதற்குள் இருந்தன.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1997 தொடரின் முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். ஆனால் அந்த ஆட்டத்தின் 44-வது நகர்த்தலில் டீப் புளூ சம்பந்தமே இல்லாமல் யானையை ஓரிடத்தில் கொண்டுபோய் வைத்தது. ஏன் அப்படி ஆடியது, நமக்குத் தெரியாத எதையோ பார்த்துவிட்டதா என்று காஸ்பரோவின் கூடாரத்தில் குழப்பம். நிரலில் இருந்த பிழையால் கணினி குருட்டாம்போக்கில் எதையோ நகர்த்திவிட்டது என்று அதை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த முர்ரே கேம்ப்பெல் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ், சமன் செய்திருக்கக்கூடிய நிலையில் கையை விரித்துவிட்டார். எதிரி ராஜாவைத் தொடர்ந்து தாக்கி, அதாவது செக் கொடுத்துக்கொண்டே இருந்து, தப்பிக்க வழி இருந்தது. கணினி அதை விட்டுவைத்திருக்காது என்று நம்பி அவர் தேடவே இல்லை.

பார்த்தீர்களா? பிழையில் ஆழத்தைக் கண்டது மனிதன். எதிரே ஒரு மனம் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வது நம்முடைய பழக்கம். தொடர் முடிந்ததும் மறுபோட்டி கேட்டார் காஸ்பரோவ், கிடைக்கவில்லை. டீப் புளூவைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அதன் அடுக்குகள் இப்போது அமெரிக்க அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. ஜெயித்தோம் என்று அதற்குத் தெரியாது, பிரித்தார்கள் என்றும் தெரியாது. நேரத்துக்கு அடிக்கும் அலாரம் கடிகாரத்துக்கு எவ்வளவு அறிவோ அவ்வளவுதான் இதற்கும் என்கிற மாதிரி காஸ்பரோவே பின்னாளில் எழுதினார். தோற்றவர் பேச்சு என்று தள்ளிவிடலாம்தான். ஆனாலும் சரியான பேச்சு.

"பெட்டிக்குள்ள ஆள் ஒளிஞ்சு ஆடின கதை நிஜமா?"

நிஜம். 1770-இல் வொல்ஃப்காங் ஃபான் கெம்ப்லென் என்பவர் வியன்னா அரண்மனையில் துருக்கியத் தலைப்பாகை கட்டிய பொம்மை ஒன்றைக் காட்டினார். அது தானாகச் சதுரங்கம் ஆடுவதாகப் பலரும் நம்பினார்கள். நெப்போலியன்கூட அதோடு ஆடினார். பெட்டிக்குள் கால்களை மடக்கிக்கொண்டு ஒரு நல்ல ஆட்டக்காரர் இருந்தார், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங் சதுரங்கத்துக்கு ஒரு நிரல் எழுதினார், ஓட்டிப் பார்க்கக் கணினி இல்லை. 1952-இல் தானே கணினியாக உட்கார்ந்து, நிரல் சொன்னபடி தாளில் கணக்குப் போட்டு, ஒரு நகர்த்தலுக்கு அரைமணி நேரம் எடுத்து ஆடினார், தோற்றார். முதல் கதையில் இயந்திரத்துக்குள் மனிதன். இரண்டாவதில் மனிதனுக்குள் இயந்திரம். ஆடிக்கொண்டிருந்தபோது டூரிங்குக்கு இருந்த அறிவில் துளிகூட அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை, இறங்கவும் கூடாது, அதுதான் நிபந்தனை. "அறிவில்லாமலே ஆட முடியும்" என்று நான் சொல்லும்போது பெரிய பிள்ளைகள் முகம் சுளித்தால் இந்தக் கதையைத்தான் எடுப்பேன்.

"மனுஷனும் மனசுக்குள்ள கணக்குத்தானே போடுறான்?"

அதிகம் போடுவதில்லை. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் பெரிய ஆட்டக்காரர்களை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிப் பதிவுசெய்தார். சாதாரண ஆட்டக்காரர்களைவிட அவர்கள் அப்படியொன்றும் அதிக நகர்த்தல்களைப் பார்க்கவில்லை, நல்ல நகர்த்தலைச் சீக்கிரம் பார்த்தார்கள். 1973-இல் சேஸ், சைமன் என்ற இருவர் நடத்திய சோதனை இன்னும் சுவையானது. உண்மையான ஆட்டத்திலிருந்து ஒரு நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுவார். அதே காய்களைக் கண்டபடி சிதறவிட்டுக் காட்டினால் புதிதாகக் கற்பவருக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் காய்களைப் பார்க்கவில்லை, கதையைப் பார்க்கிறார். கதை இல்லாத இடத்தில் கண்ணும் போய்விடுகிறது.

இதில் மனிதனுக்கு நட்டமும் உண்டு. 2006-இல் பான் நகரில் அப்போதைய உலகச் சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் நிரலோடு ஆடும்போது, அடுத்த நகர்த்தலிலேயே தனக்கு மேட், அதாவது ராஜா தப்ப வழியில்லாமல் தோல்வி, என்பதைக் கவனிக்காமல் விட்டார். எங்கள் வகுப்பு ஆரம்பப் பிள்ளைகள் பார்த்துவிடக்கூடிய மேட். அவர் மனம் வேறு கதையில் இருந்தது.

"ஆல்ஃபாஸீரோ யாரும் சொல்லிக்கொடுக்காம தானே கத்துக்கிச்சாமே? அப்ப அறிவுதானே?"

என் கட்சிக்கு எதிராக இருப்பதிலேயே பலமான வாதம் இது. மறைக்க மாட்டேன்.

டீப் புளூவுக்கு எது நல்லது எது கெட்டது என்று மனிதர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் அறிவித்த ஆல்ஃபாஸீரோ என்ற நிரலுக்கு விதிகளை மட்டும்தான் கொடுத்தார்கள். அது தன்னோடு தானே ஆடி, தோற்று, திருத்தி, சில மணி நேரத்தில் ஸ்டாக்ஃபிஷைத் தாண்டியது. 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 சமன், தோல்வி ஒன்றுகூட இல்லை. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தது. இது பார்த்தது 80 ஆயிரம்தான். குறைவாகப் பார்த்து, நிறையப் புரிந்துகொண்ட மாதிரி. சிப்பாய்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எதிராளியின் காய்களை மூலையில் முடக்கிப்போடும் அந்த ஆட்டங்களைப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. டி குரூட் சொன்ன பெரிய ஆட்டக்காரரின் சாயல் அதில் இருந்தது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பயிற்சியில் அது தன்னோடு ஆடியது 4 கோடியே 40 லட்சம் ஆட்டங்கள். நாளைக்குப் பத்து ஆட்டம் ஆடும் பிள்ளைக்கு அதை முடிக்கப் பன்னிரண்டாயிரம் வருடம் பிடிக்கும். என்னிடம் வரும் பிள்ளைகள் இருநூறு முந்நூறு ஆட்டத்தில் ஒரே காயால் இரண்டு காய்களைத் தாக்கக் கற்று, அப்படியே அந்தச் சூட்சுமத்தைத் தம்பியிடம் ஐஸ்கிரீம் பிடுங்கவும் பயன்படுத்துகிறார்கள். அதே ஆல்ஃபாஸீரோவிடம் பலகையில் ஒரு வரிசையைக் கூட்டிக் கொடுத்தால், கற்றதை வைத்துச் சமாளிக்காது. முதலிலிருந்து பயிற்சி கொடுக்க வேண்டும்.

கற்றது என்று ஒப்புக்கொள்கிறேன். உள்ளுணர்வு என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஓர் அறைக்குள் பிறந்து அந்த அறையைத் தவிர வேறெதையும் அறியாத உள்ளுணர்வு.

"கம்ப்யூட்டர் முட்டாள்தனமா ஆடி நீங்க பார்த்திருக்கீங்களா?"

ஆடியதைவிட, எண் போட்டதைப் பார்த்திருக்கிறேன். 2017-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸ் பெயரால் அமைந்த நிறுவனம் ஒரு புதிரை வெளியிட்டது. வெள்ளையிடம் ராஜாவும் நான்கு சிப்பாய்களும்தான். கறுப்பிடம் ராணி, இரண்டு யானை, போதாததற்கு மூன்று மந்திரி. ஆனால் ராணியும் யானைகளும் சிப்பாய்களுக்குப் பின்னால் மூலையில் அடைபட்டுக் கிடக்கின்றன, வெளியே வர வழியில்லை. மந்திரிகள் மூன்றுமே கறுப்புக் கட்டத்தில் ஓடுபவை.

அதை வகுப்பில் பலகையில் அடுக்கினேன். மடிக்கணினியில் இருந்த பழைய பதிப்பு, கறுப்பு ஜெயித்தாகிவிட்டது என்று பெரிய எண்ணாகக் காட்டியது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி சப்பணமிட்டு உட்கார்ந்து, விரலைக் காற்றில் நகர்த்திப் பார்த்தாள். "ஐயா, ராஜா வெள்ளைக் கட்டத்துலயே நடந்துகிட்டே இருந்தா போதுமே. அந்த மூணு பேரும் தொடவே முடியாதே." அதேதான். ஐம்பது நகர்த்தலுக்கு எந்தக் காயும் வெட்டுப்படாமல், சிப்பாயும் நகராமல் இருந்தால் விதிப்படி சமன். கணினி எண்ணைக் கூட்டியது. அவள் "தொடவே முடியாது" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாக் கிளைகளையும் முடித்துவிட்டாள்.

புரிந்துகொள்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அவள் விரல் நின்ற அந்த நொடியைத்தான் காட்டுவேன்.

"கணினி ஜெயிச்சதும் 'சதுரங்கம் அறிவே இல்ல'ன்னு அளவுகோலை மாத்திட்டீங்களே, இது நியாயமா?"

ஐந்தாம் படிவம் படிக்கும் மாணவன் கேட்டது. நெத்தியடி.

நியாயமில்லைதான். ஷானன் காலத்தில் சதுரங்கம் ஆடுவதுதான் அறிவுக்கு அடையாளம் என்றார்கள். கணினி ஆடியதும், இல்லை இல்லை, மொழிதான் அறிவு என்றார்கள். செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்கே பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தி வேறு விதமாகக் குறைப்பட்டார். மரபியலாளர்களுக்குப் பழ ஈ எப்படியோ, அறிவை ஆராய்பவர்களுக்குச் சதுரங்கம் அப்படி இருந்திருக்க வேண்டும். ஆனால் ஈயை ஆராயாமல் ஈக்களுக்குப் பந்தயம் விட்டுவிட்டோம் என்பது அவர் வருத்தம்.

அளவுகோலை மாற்றுவது எங்களுக்குப் புதிதில்லை, தம்பி. என் அம்மா முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பதல்ல, பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. ஒரு நாள் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது எடையைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வாளியைத் தூக்கிய கைக்குத் தெரியாதா? கேட்டதற்குத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்ன பதில்: "மூளை இருந்தா நீ ஏன் உளி பிடிக்கிற?" எழுத்துக்கூட்டத் தெரியாதவரெல்லாம் முட்டாள் என்பது அன்றைய அளவுகோல். பிள்ளைகள் நாங்கள் எழுதப் படிக்கக் கற்றதும் "ஆங்கிலம் தெரியுமா?" என்று மாற்றிக்கொண்டார்கள்.

அதனால் கணினிக்காகவும் கொஞ்சம் பரிந்து பேசலாம்தான். ஆனால் இங்கே தப்பு, அளவுகோலை மாற்றியதில் இல்லை. முதலில் எடுத்ததில். அறிவுக்குச் சதுரங்கத்தைப் பரீட்சையாக வைத்தவர்கள் யார்? சதுரங்கம் ஆடும் கணிதக்காரர்கள். தங்களுக்குக் கடினமாக இருந்ததை அறிவு என்றார்கள். பால்வெட்டும் பெண்களைக் கேட்டிருந்தால் வேறு பரீட்சை வைத்திருப்பார்கள்.

என்ன பரீட்சை? விடியற்காலை இருட்டு, நெற்றியில் விளக்கு, கையில் உளி. பட்டையை ஒரு வெள்ளிக்காசு கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, மேற்பார்க்கும் தண்டல் வந்து கத்துவார். ஒரு மரம் போல இன்னொரு மரம் இல்லை. புதுப்பட்டை, மறுபட்டை, முடிச்சு விழுந்த பட்டை. அம்மா ஒரு மரத்துக்குச் சில நொடிகள்தான் நிற்பார், பால் வடியும் மங்குக் கோப்பையைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த மரம். ஒரு நாளைக்கு ஐந்நூறு. எங்கே நிறுத்துவது என்று உளிக்குத்தான் தெரியும் என்பார். எண்ணெய் தரும் செம்பனையிலும் அப்படித்தான். கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்து மேலே எந்தக் குலை பழுத்திருக்கிறது என்று முடிவுசெய்து, நீளக் கம்பில் அரிவாள் கட்டி இழுக்கிறார்கள்.

சதுரங்கம் 1997-இல் விழுந்துவிட்டது. பால் வெட்டுவதற்கு இயந்திரங்கள் செய்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்னும் பெரும்பாலும் மனிதக் கைதான் வெட்டுகிறது. நமக்குக் கடினமானது இயந்திரத்துக்கு எளிது, நமக்கு எளிதானது அதற்குக் கடினம் என்று இயந்திர மனிதத் துறையில் சொல்வார்கள். ஹான்ஸ் மொராவெக் என்பவர் பெயரால் அது வழங்குகிறது. "நமக்கு எளிது" என்பதை மட்டும் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார்.

"தொல்காப்பியர் ஆறறிவு சொல்லியிருக்காரே. அதுல இதை எங்க வைப்பீங்க?"

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கேட்டது. இந்தக் கேள்விக்காகவே அவருக்கு ஒரு கோப்பி கடன்பட்டிருக்கிறேன்.

தொல்காப்பியத்தின் மரபியல் பகுதியில் தொல்காப்பியர் உயிர்களைப் படிப்படியாக வைக்கிறார். ஓரறிவு என்றால் தொட்டு அறிவது, புல்லும் மரமும் அந்தப் படியில். அடுத்து நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஏறி, ஆறாவதாக மனம். கணினியை இந்தப் படியில் எங்கே வைப்பது? ஆறாவதற்குரிய வேலை ஒன்றை அபாரமாகச் செய்கிறது. ஆனால் முதல் ஐந்தும் கிடையாது. தொல்காப்பியர் கணக்குப்படி பால்மரத்துக்கு ஓரறிவு. என் மடிக்கணினிக்கு அதுவும் இல்லை.

விளையாட்டாகச் சொல்லவில்லை. 2022 ஜூலையில் மாஸ்கோவில் ஒரு போட்டியில் இயந்திரக் கை ஒன்று பிள்ளைகளோடு சதுரங்கம் ஆடியது. ஏழு வயதுப் பையன் அவசரப்பட்டுத் தன் காயை நகர்த்தக் கைநீட்ட, அது அவன் விரலைப் பிடித்து அழுத்தி உடைத்துவிட்டது. பெரியவர்கள் ஓடிவந்து விடுவிக்க வேண்டியிருந்தது. பலகையில் அடுத்த நகர்த்தல் எது என்று அதற்குத் தெரியும். தான் பிடித்திருப்பது காயா, ஒரு பிள்ளையின் விரலா என்று தெரியாது. தொடுவதுதான் முதல் படி என்று வைத்தவர் காரணம் இல்லாமல் வைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

"சாட்ஜிபிடி பேசுதே. அதுகூட ஆடலாமா?"

ஆடிப் பாருங்கள், சிரிப்பு வரும். தொடக்க நகர்த்தல்கள் அழகாக வரும், ஏனென்றால் அவை ஆயிரம் இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. நடுவில் சில சமயம் வெட்டுப்பட்ட குதிரை உயிர்த்தெழும். அது அடுத்த சொல்லை ஊகிக்கப் பழக்கிய மொழி இயந்திரம். ஸ்டாக்ஃபிஷுக்குப் பேச வராது, இதற்கு அதைப் போல ஆட வராது. நம் ஊரில் இரண்டும் தெரியாதவர்களும் உண்டு, அவர்களை நாம் அறிவில்லாதவர் என்பதில்லை.

"கைத்தொலைபேசியிலேயே எஞ்சின் இருக்கு. என் மகன் ஏன் மெனக்கெட்டுப் படிக்கணும்?"

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். கோப்பிக்கடையில் ஐந்தாறு பேர் என் தொலைபேசியைச் சுற்றி நின்றோம். ஆட்டம் சமனில் முடியும் என்று பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். 55-வது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். தொலைபேசியில் மதிப்பெண் கம்பி சட்டென்று சரிந்தது. மிச்சமிருந்த எங்களுக்குத் தெரிந்துவிட்டது, பலகைக்கு எதிரே இருந்த குகேஷுக்கு இன்னும் தெரியவில்லை. அப்புறம் அவர் கண்கள் விரிந்தன. தண்ணீர் குடித்தார். திரும்பத் திரும்பப் பலகையைப் பார்த்தார். சென்னைப் பையன், பதினெட்டு வயது, சில நிமிடங்களில் உலகச் சாம்பியன், முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டே காய்களைத் திரும்ப அடுக்கினார்.

எஞ்சின் அரை நொடியில் சொன்னதை அவர் கண்டுபிடித்தார். எங்களில் யாரும் எஞ்சினுக்காகக் கைதட்டவில்லை. உங்கள் மகன் படிக்க வேண்டுமா என்பது அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எனக்கு மாதக் கட்டணம் கிடையாது, அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

"இணையத்துல என் பையன் எல்லா ஆட்டமும் ஜெயிக்கிறான். நல்லா ஆடுறானா, இல்ல…?"

நேரத்தைப் பாருங்கள் அக்கா. ஒரே ஒரு நகர்த்தல்தான் இருக்கிற இடத்திலும் ஏழு நொடி, தலை சுற்றும் இடத்திலும் ஏழு நொடி என்றால் பக்கத்தில் இன்னொரு திரை இருக்கிறது. மனிதன் திணறுவான். அடித்துக் கேட்காதீர்கள், "இந்த இடத்தில் ஏன் இதை ஆடினே?" என்று மட்டும் கேளுங்கள்.

"நாங்க ஆடுற டாம்? அதையும் கம்ப்யூட்டர் முடிச்சுடுச்சா?"

கோப்பிக்கடை வாசலில் சோடா மூடி வைத்து டாம் ஆடும் பெரியவர் கேட்டது. எட்டுக்கு எட்டுக் கட்டப் பலகையில் ஆடும் செக்கர்ஸ் என்ற டாமை முடித்துவிட்டார்கள், மாமா. கனடாவில் ஜோனதன் ஷாஃபர் 1989-இல் தொடங்கி 2007-இல் முடித்தார். இரண்டு பக்கமும் தப்பில்லாமல் ஆடினால் சமன். நீங்கள் ஆடுவது பெரிய பலகை, காய்களும் அதிகம், அதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அவருக்குத் திருப்தி. மடிக்கணினியை ஒரு நாள் எடுத்து வா, ஆடிப் பார்ப்போம் என்றார். சரி என்றேன். பலகையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அது தோத்தா குடிச்ச தே ஓ காசு யாரு குடுப்பா?"